உப்புக்கொத்தியின் வரவேற்பு நடனம்

இயற்கை நேசர் சங்கத்தின் கூட்ட அறைச் சுவரில் அந்தப் பறவை ஓர் ஆள் உயரத்துக்கு மாட்டப்பட்டிருந்தது. நிஜத்தில் அது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கழுத்தில் கறுப்புப் பட்டி, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், குச்சிக் கால்கள். ஜல்லிக்கு நடுவில் அசையாமல் நின்றால் அதுவும் ஒரு ஜல்லி. உப்புக்கொத்தி என்று பெயர். படத்தில் அதன் வலது சிறகு தரையோடு விரிந்து கிடந்தது. வால் விசிறியாகப் பிரிந்திருந்தது. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கீழே பொன்னெழுத்தில் தலைவரின் வாசகம்: "வருக, வருக! விருந்தினரைக் கண்டதும் சிறகு விரித்து ஆடும் உப்புக்கொத்தியின் வரவேற்பு நடனம்." அதற்கும் கீழே, மருந்து டப்பாவில் பக்கவிளைவுகளைப் போடுவார்களே, அந்த அளவு எழுத்தில் படம் எடுத்தவர் பெயர்.

படம் எடுத்தவர் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் வாத்தியார். கண்காட்சித் திறப்பு விழா நடந்துகொண்டிருந்தது. அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, ஆறிப்போன தேநீரைக் கையில் பிடித்தபடி, சுவரைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரைப் பார்த்தால் அந்தப் பறவை அவரைப் பார்த்தது. பார்த்து, எடுத்த அன்று சொன்னதையே திரும்பச் சொன்னது: என் முட்டைகிட்ட நிக்கற, போயிடு.

உப்புக்கொத்தி கூடு கட்டுகிற ஜாதி இல்லை. கல்லுக்கு நடுவில் ஒரு சின்னக் குழி பறித்து, கல் நிறத்திலேயே முட்டையிட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். நாயோ நரியோ பக்கத்தில் வந்தால் எழுந்து ஓடி, கொஞ்சம் தள்ளிப் போய், சிறகு ஒடிந்த மாதிரி தரையில் இழுத்துக்கொண்டு கதறும். அடிபட்ட பறவை, சுலபமாகப் பிடித்துவிடலாம் என்று நரி பின்னாலேயே போகும். முட்டையை விட்டு நரி போதுமான தூரம் வந்ததும் பறவை சிறகை மடக்கிக்கொண்டு பறந்துவிடும். இது வாத்தியாருக்குத் தெரியாததல்ல. வகுப்பில் கையை இழுத்து இழுத்து நடித்தே காட்டியிருக்கிறார். பையன்கள் கைதட்டுவார்கள்.

அதனால்தான் மின்விசிறி. அன்று முதல் படத்தோடு விலகியிருக்கலாம். வெளிச்சம் நன்றாக இருந்தது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று எடுத்தார். ஒவ்வொரு சொடுக்கலுக்கும் அது இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தபோது, இவ்வளவு அழகாக ஒன்றைத் தான் எடுத்ததே இல்லை என்று தோன்றியது. சங்கத்துக்கு அனுப்பும்போது கீழே சரியாகத்தான் எழுதினார்: "முட்டையைக் காக்கக் காயம்பட்டதுபோல் நடிக்கும் உப்புக்கொத்தி." தலைவர் அதைத் திருத்திவிட்டார்.

தலைவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். நல்ல மனிதர், யாருக்கும் ஒரு கெடுதல் நினைத்தவரில்லை, அவர் நாற்காலியில் உட்கார்ந்தவர்களைத் தவிர. ஓய்வுக்குப் பிறகு இயற்கையைக் கையிலெடுத்தார். சங்கத்துக்கு வருகிற எல்லாப் படங்களுக்கும் அவரே வாசகம் எழுதுவார், அவர் எழுத்தில் காட்டில் துக்கம் என்பதே கிடையாது. பயத்தில் பல்லை இளிக்கிற குரங்கு "காட்டின் புன்னகை" ஆனது. எதிராளியை மல்லாக்கத் தள்ளப் பார்க்கும் இரண்டு ஆண் உடும்புகள் "இணைபிரியாத அணைப்பு" ஆயின. அந்தப் படத்தைச் சங்கத்தின் துணைச் செயலாளர் தன் மகள் கல்யாணத்துக்குச் சட்டம் போட்டுப் பரிசளித்தார். வாய் திறந்த எந்த மிருகமும் தலைவருக்குச் சிரித்தது. வாழ்நாள் முழுக்கத் தன்னைப் பார்த்து வாயைப் பிளந்தவர்கள் எல்லாரும் மகிழ்ச்சியில்தான் பிளந்தார்கள் என்று நம்பியவர் வேறு எப்படி இருப்பார்?

வாத்தியார் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். மாடிப்படியில் வைத்து.

"ஐயா, அந்த உப்புக்கொத்தி... அது வரவேற்பு இல்லைங்க. அது வந்து..."

"தெரியும் வாத்தியாரே, தெரியும். பாடப் புஸ்தகத்துல ஒண்ணு இருக்கும். ஜனங்க காசு குடுத்து பஸ் புடிச்சு வந்து படம் பாக்கறாங்க. அவங்ககிட்டப் போய் முட்டை, நரி, காயம்னா? மனசுக்கு இதமா ஏதாவது குடுக்கணும்யா."

வாத்தியார் வாயைத் திறந்தார். விடைத்தாள் கட்டு வீட்டில் காத்திருந்தது. இடது முழங்கால் மாடிப்படியில் நின்றதற்கே முனகிக்கொண்டிருந்தது. "சரிங்கய்யா" என்றார். சரிங்கய்யா என்பது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி, இப்போதெல்லாம் எதிரே ஆள் வருவதற்குள் அது வந்து நின்றுவிடும்.

மேடையில் தலைவர் ஒலிபெருக்கியைத் தட்டினார்.

"நண்பர்களே! இந்தச் சின்னஞ்சிறு பறவை நமக்கெல்லாம் விருந்தோம்பல் சொல்லித் தருது! சுவத்துல பாத்தா போதுமா? வர்ற ஞாயித்துக்கிழமை காலைல, குடும்பத்தோட, நேர்லயே போறோம்! நம்ம வாத்தியார் வழிகாட்டுவார்!"

அறை கைதட்டலில் அதிர்ந்தது. பக்கத்திலிருந்த லென்ஸ் மாமா வாத்தியாரின் முதுகில் ஓங்கி அறைந்தார். சங்கத்திலேயே நீளமான லென்ஸ் அவருடையது. அதைச் சின்னக் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார். "எங்கய்யா இருக்கு அது? எனக்கு மட்டும் சொல்லேன்." வாத்தியார் மறுபடி மின்விசிறியைப் பார்த்தார்.

வீட்டில் மனைவி சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். அவள் இயன்முறை மருத்துவர். நாள் முழுக்க மற்றவர்களின் தோள்களையும் இடுப்புகளையும் தூக்கி மடக்கி நீட்டிவிட்டு வருபவள். மாலையில் தன் உடம்பை எங்காவது போட்டுவிட்டால் போதும் என்றிருப்பாள்.

"ஞாயித்துக்கிழமை உன்னையும் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாரு" என்றார்.

"எதுக்கு?"

"குடும்பத்தோடன்னு அறிவிச்சுட்டாரு."

"எனக்கு இருக்கறதே ஒரு ஞாயித்துக்கிழமை. அதையும் கொண்டுபோய் குருவிக்குக் குடுக்கணுமா?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "வர்றேன். பஸ்ஸுல தூங்கிக்கறேன்" என்றாள்.

கூட்டம் போனால் என்ன ஆகும் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். வெயிலில் பறவை எழுந்து நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் முட்டை வேகும். யாராவது கால் வைத்தால் அந்த நிமிஷமும் வேண்டாம். சொல்ல ஆரம்பித்தால், அப்புறம் நீங்க ஏன் ஒத்துக்கிட்டீங்க என்பாள். அதற்குப் பதில் சொல்லத் தெம்பு வேண்டும். விடைத்தாள் கட்டை அவிழ்த்தார்.

உப்புக்கொத்திகள் இருந்தது கட்டட வேலை பாதியில் நின்றுபோன ஓர் இடத்தில். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய பள்ளத்தில் மழைநீர் தேங்கிக் குளமாகியிருந்தது. பக்கத்தில் கொட்டிய ஜல்லி பரந்து, இறுகி, மைதானமாகியிருந்தது. சாலையோரம் துருப்பிடித்த தகரவேலி. வாத்தியார் தினமும் பள்ளிக்குப் போகிற பஸ்ஸிலிருந்துதான் அந்தப் பறவைகளை முதலில் பார்த்தார்.

ஞாயிறு காலை சங்கத்தின் பஸ் வேலிக்கு வெளியே நின்றது. உறுப்பினர்கள் காட்டுக்குப் போகிற உடுப்பில் இறங்கினார்கள். உடம்பெல்லாம் பை. இலை நிறத்தில் தொப்பி. ஒருவர் முகத்தில்கூட இலைப்படம் போட்ட துணி கட்டியிருந்தார். சாலையின் எதிர்ப்பக்கம் ஒரு சலவைக் கடையும் ஒரு டயர் கடையும் அவரை வியப்போடு பார்த்தன. தலைவர் விசில் வைத்திருந்தார். வாத்தியாரின் மனைவி பஸ் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

வாத்தியாருக்கு ஒரு திட்டம் இருந்தது. கூட்டத்தை முட்டையிருக்கும் பக்கம் விடாமல் நேரே பள்ளத்தின் மறுகரைக்கு ஓட்டிக்கொண்டு போனார். அங்கே இரண்டு கொக்குகள் நின்றிருந்தன.

"இது கொக்குங்க" என்றார் வாத்தியார்.

"தெரியுது" என்றார் லென்ஸ் மாமா.

"அதோட நிலையைக் கவனிங்க. கழுத்தை எப்படி உள்ள இழுத்து வெச்சிருக்கு பாருங்க. அது..."

"அது எப்ப ஆடும்?"

கொக்குகள் ஆடுகிற மாதிரி தெரியவில்லை. சிவனே என்று நின்றன. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குழந்தைகள் தண்ணீரில் கல்லெறிய ஆரம்பித்தன. வாத்தியார் கொக்கின் கழுத்தெலும்பைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னார். அது சீக்கிரமே தீர்ந்துவிட்டது. உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் கழன்று, சிதறி, ஜல்லி மைதானத்தில் நடக்கத் தொடங்கினார்கள்.

"ஆடுது! ஏய், இங்க ஆடுது!"

இலைத்துணி கட்டியவர்தான் கத்தினார். எல்லாரும் ஓடினார்கள். தலைவர் விசில் ஊதினார், எதற்கு என்று அவருக்கே தெரியாது.

உப்புக்கொத்தி அவர்களுக்கு முன்னால் ஓடி, விழுந்து, சிறகை இழுத்தது. கீச்சென்று கதறியது. இரண்டடி போய் மறுபடி விழுந்தது. நரியாக இருந்திருந்தால் இந்நேரம் எச்சில் ஊறப் பின்னாலேயே போயிருக்கும், முட்டை தப்பியிருக்கும். வந்திருப்பது நரி இல்லை. புகைப்படக்காரர்கள். அவர்களுக்குப் பறவை வேண்டாம்; படம் வேண்டும்.

"எதிர் வெயில்! எதிர் வெயில்!" என்று லென்ஸ் மாமா கத்தினார். "முன்னாடி போய் என்ன பண்றது, கறுப்பா விழும்! எல்லாரும் இந்தப் பக்கமா சுத்தி வாங்க. சூரியனை முதுகுக்கு வெச்சு நில்லுங்க!"

கூட்டம் கட்டுப்பாட்டோடு சுற்றி வந்தது. பறவை அந்தப் பக்கம் இழுத்தது; இவர்கள் இந்தப் பக்கம் பின்வாங்கினார்கள். பின்வாங்குகிறவன் கீழே பார்ப்பதில்லை. எல்லாருடைய கண்ணும் கருவியில். எல்லாருடைய குதிகாலும், முட்டையிருந்த குழியை நோக்கி, ஒவ்வோர் அடியாக.

வாத்தியார் அந்தக் குதிகால்களைப் பார்த்தார். முட்டை இருக்கு, நில்லுங்க என்று கத்தலாம். கத்தினால் அடுத்த நொடி என்ன கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். முட்டையா? எங்க? எங்க? எல்லாரும் குனிந்து, சூரியனை முதுகுக்கு வைத்து, முட்டையைப் படம் எடுப்பார்கள். தலைவர் "மண்ணின் முத்துக்கள்" என்று பெயர் வைப்பார்.

வாத்தியார் விழுந்தார்.

யோசித்து விழவில்லை. கால் மடங்கியது, கை ஜல்லியில் ஊன்றியது, "ஐயோ" என்றார். ஒருவரும் திரும்பவில்லை, பறவை இன்னும் நன்றாக நடித்துக்கொண்டிருந்தது. "ஐயோ! அம்மா! என் காலு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். இலைத்துணிக்காரர் திரும்பினார். வாத்தியார் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்தால் தேய்த்துத் தேய்த்து, வேலிப் பக்கமாக நகர ஆரம்பித்தார். கால்சட்டை கிழிகிற சத்தம் கேட்டது. நின்றால் இவர்களும் நின்றுவிடுவார்கள். கொஞ்சம் நகர்ந்தார், கதறினார், மறுபடி நகர்ந்தார்.

"வாத்தியாரே! அசையாதீங்க!" தலைவர் ஓடிவந்தார். பின்னாலேயே கூட்டம் வந்தது. பறவையை விட்டு ஒவ்வொரு கருவியாகத் திரும்பியது. லென்ஸ் மாமா கடைசியாகத் திரும்பி, வந்த வேகத்தில் வாத்தியாரையும் இரண்டு படம் எடுத்துக்கொண்டார். வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது.

தலைவர் மண்டியிட்டு உட்கார்ந்தார். அத்தனை வருஷப் பழக்கம் போகுமா? "வாயைத் திறங்க" என்றார்.

"காலுங்கய்யா."

"ஆமா, ஆமா, காலு. யாராவது தங்கச்சியை எழுப்புங்கப்பா! பஸ்ஸுல இருக்கா!"

இது வாத்தியாரின் கணக்கில் இல்லை.

மனைவி வந்தாள். கன்னத்தில் ஜன்னல் கம்பியின் தடம். கூட்டம் வழிவிட்டது. அவர் முகத்தைப் பார்க்காமல் நேரே முழங்காலில் கைவைத்தாள். விரல்கள் மூட்டைச் சுற்றி ஒரு தடவை போயின. மெதுவாக மடக்கினாள். நீட்டினாள். அந்தக் கைக்கு முன்னால் பொய் சொல்ல முடியாது. விபத்து நஷ்டஈட்டுக்காக இடுப்பு வலி என்று வருகிறவர்களை அவள் இப்படித்தான், ஒரு தடவை மடக்கி, ஒரு தடவை நீட்டி, வெளியே அனுப்புவாள்.

குனிந்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்: "உங்களுக்கு வலிக்கிற முட்டி இடது."

வாத்தியார் கண்ணை மட்டும் கூட்டத்தைத் தாண்டி ஜல்லி மைதானத்தின் பக்கம் ஓட்டினார். அவள் திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் அந்தச் சின்னப் பறவை சிறகை மடக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றது. தலையை இப்படியும் அப்படியும் திருப்பியது. குடுகுடுவென்று ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது, ஜல்லிக்கு நடுவில் ஓரிடத்தில் உடம்பைத் தாழ்த்தி உட்கார்ந்து காணாமல் போயிற்று.

அவள் அவரைப் பார்த்தாள். எத்தனையோ வருஷத்தில் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

எழுந்து நின்று, ஆஸ்பத்திரிக் குரலில் சொன்னாள்: "தசைநார் போயிருக்கு. இங்க மண்ணு உள்ள வாங்குது, அதான் கால் மடங்கியிருக்கு. இன்னொருத்தர் விழறதுக்குள்ள எல்லாரும் பஸ்ஸுக்குப் போங்க. நாலு பேர் மட்டும் தூக்குங்க. வலது காலை யாரும் தொடக் கூடாது."

லென்ஸ் மாமா தன் காலடி மண்ணைப் பார்த்தார். லென்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முதல் ஆளாகப் பஸ்ஸுக்கு நடந்தார்.

அடுத்த செயற்குழுவில் ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள்: இயற்கைப் பணியில் காயமுற்ற வாத்தியார் குணமடையும்வரை பயணம் ஒத்திவைக்கப்படுகிறது, அவரில்லாமல் அவ்விடம் செல்வது சங்க மரபுக்கு ஏற்றதல்ல. சங்கம் அதுவரை நிறைவேற்றிய தீர்மானங்களிலேயே ஏதோ ஒரு ஜீவனுக்குப் பயன்பட்டது அதுதான். லென்ஸ் மாமா எடுத்த படம் அலைபேசிக் குழுவில் சுற்றியது. கிழிந்த கால்சட்டையோடு ஜல்லியில் தேய்ந்துகொண்டிருக்கும் வாத்தியார். வாய் அகலத் திறந்திருந்தது. தலைவரின் வாசகம்: "பறவையின் ஆட்டம் கண்டு பரவசத்தில் தன்னை மறந்த நம் வாத்தியார்." நிறையப் பேர் இதயம் போட்டார்கள்.

ஆக, நொண்டினால் பயணம் இல்லை. நொண்டுவதை நிறுத்தினால் அடுத்த ஞாயிறே பஸ். குஞ்சு பொரிகிறவரை வாத்தியார் நொண்டியே ஆகவேண்டும்; பொரிந்த குஞ்சு தன் காலில் ஓடிக்கொள்ளும்.

நொண்டுவது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் நொண்டிப் பார்க்கலாம். தலைவரின் பேத்தி அவர் வகுப்பில்தான் படித்தாள். ஆகவே பள்ளியிலும் நொண்டலுக்கு விடுமுறை கிடையாது. மாடியில் மூன்று பிரிவு, கீழே ஆய்வகம். பையன்கள் இரண்டே நாளில் அவர் நடையைக் கற்றுக்கொண்டு தாழ்வாரத்தில் வரிசையாக நொண்டினார்கள். தலைமையாசிரியர், "கால்தானே சார், கை நல்லாத்தானே இருக்கு" என்று இன்னொரு வகுப்பின் விடைத்தாள் கட்டையும் தந்தார். வாத்தியார் சரிங்கய்யா என்றார்.

வீட்டிலும் நிம்மதி இல்லை.

"இப்படியா நொண்டுவாங்க?" மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள். "வலிக்கிற கால்ல சட்டுனு வெச்சு சட்டுனு எடுக்கணும். நீங்க என்னமோ கல்யாண ஊர்வலத்துல வர்ற மாதிரி சாஞ்சு சாஞ்சு வர்றீங்க. திரும்பப் போய் வாங்க."

திரும்பப் போய் வந்தார்.

"படி ஏறும்போது நல்ல கால் முதல்ல. இறங்கும்போது வலிக்கிற கால் முதல்ல. எங்க, சொல்லுங்க."

"ஏறும்போது நல்ல கால்..."

"எந்தக் கால் நல்ல கால்?"

வாத்தியார் குழம்பி நின்றார். அவள் சிரித்துவிட்டாள். பிறகு கட்டுத்துணியை எடுத்துவந்து, தலைவர் வருகிற நாளுக்காக வலது முழங்காலில் சுற்ற ஆரம்பித்தாள். சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா முட்டையைக் காட்டுன்னு நிப்பாங்க."

"அவங்ககிட்ட இல்ல. எங்கிட்ட."

வாத்தியார் சுற்றுகிற துணியின் நுனியைப் பிடித்துக் கொடுத்தார்.

"அலுப்பா இருந்துச்சு" என்றார்.

"எனக்கும்தான் அலுப்பா இருக்கு" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரே பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிற இருவர், உனக்கும் உட்கார இடம் கிடைக்கலையா என்று கேட்டுக்கொள்வார்களே, அப்படி. முடிச்சுப் போட்டு, துணியின் நுனியை உள்ளே செருகினாள்.

தலைவர் பழப்பையோடு வந்தார். கட்டுப் போட்ட காலைப் பார்த்து உச்சுக்கொட்டினார். பல் மருத்துவத்தில் மூட்டுக்கு என்ன செய்வார்கள் என்று நீண்ட நேரம் விளக்கினார். தாடையிலும் ஒரு மூட்டு இருக்கிறதாம். வாத்தியாருக்குத் திடீரென்று எல்லாமே சலித்துப்போயிற்று. சலிப்பில் சில சமயம் தைரியம் மாதிரி ஒன்று வரும்.

"ஐயா, அந்தப் பறவை ஆடலைங்க. பயந்துச்சு. நான் அதோட முட்டைகிட்ட நின்னுட்டிருந்தேன். போயிடு போயிடுன்னு கதறுச்சு. நான் போகாம படம் எடுத்தேன்."

தலைவர் ஆரஞ்சுச் சுளையோடு நின்றுவிட்டார். "பயமா?"

"பயம்தாங்க."

"பயம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா வாத்தியாரே? வாழ்க்கை பூரா பாத்திருக்கேன்." சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே எங்கோ போய் இடித்ததுபோல் கையிலிருந்த சுளையைப் பார்த்தார். சுளையைத் தட்டில் வைத்தார். "நெஜமாவா?"

"நெஜமாங்க."

"அடடா." பெருமூச்சு விட்டார். அவருக்கும் வயது ஆகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. "ஆனா பொன்னெழுத்து ஒட்டியாச்சே. அதைப் பிச்சா சுவரும் சேந்து வரும்." எழுந்து செருப்பைத் தேடினார். வாசலில் திரும்பி, "பயணம் எப்படியும் நீங்க குணமானப்புறம்தான். மெதுவா குணமாகுங்க. அவசரம் ஒண்ணுமில்ல" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று வாத்தியாரும் மனைவியும் அவர் போனபிறகு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். முடிவுக்கு வர முடியவில்லை.

நாட்கள் நொண்டி நொண்டிப் போயின. காலையில் பஸ் அந்த இடத்தைக் கடக்கும்போது வாத்தியார் எதிர்ப்பக்கத்து டயர் கடையைப் பார்ப்பார். பார்த்தாலும் ஒன்றும் தெரியப்போவதில்லை. அடைகாக்கிற உப்புக்கொத்தி கண்ணில் படாது, படக் கூடாது. முட்டையை நாய் தின்றிருந்தாலும் மைதானம் அதே மாதிரிதான் இருக்கும்.

பொரிக்கிற காலம் வந்து, தாண்டியும் போயிற்று. ஒரு நாள் மாலை வேலை முடிந்து வந்த மனைவி செருப்பைக் கழற்றவில்லை.

"வாங்க, போய்ப் பாத்துட்டு வந்துருவோம். எத்தனை நாளைக்குத்தான் நானும் கட்டுத் துணி துவைக்கறது."

கேமராவை எடுத்துக்கொள்ளட்டுமா என்று அவரும் கேட்கவில்லை, எடுக்கலையா என்று அவளும் கேட்கவில்லை.

வேலியோரம் நின்றார்கள். வெயில் இறங்கியிருந்தது. மைதானம் வெறுமையாகக் கிடந்தது. பள்ளத்துத் தண்ணீர் வற்றி நடுவில் கொஞ்சம் மட்டும் மின்னியது.

"எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்றாள்.

"நாம நாலடி உள்ள போகணும். குஞ்சு இருந்தா முன்னைவிட மோசமா கத்தும், இழுக்கும். ஒண்ணுமில்லைன்னா அது பாட்டுக்கு மேஞ்சிட்டிருக்கும். இல்லாட்டி இங்க இருக்கவே இருக்காது."

தகரம் வளைந்திருந்த இடத்தில் நுழைந்தார்கள். நாலடி. ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம். எதிர்ப்பக்கத்துக் கடையில் யாரோ டயரைச் சுத்தியலால் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. போயிடுச்சு என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையே மிதிபட்டிருக்கும். பஸ்ஸுக்குத் திரும்பும்போது யாருடைய குதிகால் எங்கே பட்டது என்று பார்க்காமல் விட்டோம். இத்தனை நாள் ஒன்றுமில்லாததற்கு நொண்டியிருக்கிறோம். திரும்பிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தார்.

காலடியில் ஒரு கல் எழுந்து கீச்சென்றது.

பறவை அவர்களுக்கு முன்னால் பாய்ந்து விழுந்தது. ஒரு சிறகல்ல, இரண்டு சிறகையும் தரையில் அடித்தது. வாலை விரித்து, மார்பை ஜல்லியில் தேய்த்து, உயிர் போகிற மாதிரி கதறியது. இடப்பக்கத்திலிருந்து இன்னொன்று வந்தது. அதுவும் விழுந்தது, அதுவும் இழுத்தது. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் மனைவி அப்படியே நின்றாள்.

"ஐயோ, எப்படிப் பயப்படுது பாருங்க" என்றாள்.

"வா வா வா." அவர் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "கீழ பாத்து நட. நம்ம வந்த வழியிலயே."

"குஞ்சு எங்க?"

"தெரியாது. தேடக் கூடாது. வா."

வேலிக்கு வெளியே வந்து, சாலையைக் கடந்து, சலவைக் கடை ஓரம் நின்ற பிறகுதான் மூச்சு விட்டார்கள். அங்கிருந்து பார்த்தபோது இரண்டு பறவைகளும் எழுந்து, சிறகைச் சரிசெய்து, சாவகாசமாக ஆளுக்கொரு பக்கம் ஓடின. அப்புறம் கண்ணுக்குத் தெரியவில்லை. வாத்தியார் சிரித்துக்கொண்டிருந்தார், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். அவள் ஓரடி பின்தங்கினாள்.

"இனிமே நொண்ட வேண்டியதில்ல" என்றாள்.

"நொண்டலையே."

"நொண்டறீங்க."

"இல்லம்மா, நேராத்தான் நடக்கறேன். நீயே பாரு." பத்தடி நடந்து காட்டினார்.

அவள் நின்று, தலையைச் சாய்த்து, வேலைநேரத்துப் பார்வையால் அவர் இடுப்பையும் கால்களையும் பார்த்தாள்.

"இடது காலு" என்றாள். "இத்தனை நாளும் பாரம் முழுக்க அதுலதான் போயிருக்கு. நெஜ வலியாவே வாங்கிட்டீங்க." பக்கத்தில் வந்து அவர் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "சாயுங்க. பரவால்ல, நல்லா சாயுங்க. வீட்டுக்குப் போய்ப் பாக்கறேன்."